ஆய்விதழ் அறமும் ஆய்வுக்குள்ளான உடல்களும்

ஆய்விதழ்களின் அறம் பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். கல்லூரிக்குக் கல்லூரி கருத்தரங்கு. மேடையில் ஓய்வுபெற்ற துணைவேந்தர் ஒருவர், பின்னால் திரையில் ஒரு பட்டியல். எழுத்துத் திருட்டுக் கூடாது. ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. எழுதாதவர் பெயரை ஆசிரியராகப் போடக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் போலி இதழ்கள் பக்கம் போகக் கூடாது. எல்லாம் சரிதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் எது போலி, எது அசல் என்று சொல்ல வேண்டியவர்களின் யோக்கியதையைப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2017இல் ஒரு பட்டியல் போட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களைத் தானே தூக்கியெறிந்தது. 2019இல் ‘கேர்’ என்று இன்னொரு பட்டியல். 2025 பிப்ரவரியில் அதுவும் வேண்டாம், அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று கையைக் கழுவியாச்சு. பட்டியலில் பேர் இருக்குதே என்று நம்பி, அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடனைக் கட்டிக் கட்டுரை போட்ட முதல் தலைமுறைப் பையன்தான் நடுவில் நின்றான். அவன் யார் வீட்டுப் பையன் என்று நமக்குத் தெரியும்.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் பேச வந்தது வேறு.

எழுத்துத் திருட்டைப் பற்றி மானியக் குழு 2018இல் விதிகளே கொண்டுவந்தது. பத்து விழுக்காடு வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது வரை ஒரு படி, அறுபது வரை ஒரு படி. அறுபதைத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்து. இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறது. கட்டுரையைப் போட்டால் எந்த வாக்கியம் எவருடையது என்று வண்ணம் வண்ணமாகக் காட்டிவிடும். ஆக, வாக்கியம் என்பது சொத்து, சொத்துக்கு வேலி, வேலிக்குக் காவல். நிலத்துக்கும் சொத்துக்கும் வேலி போட்டவர்கள்தான் வாக்கியத்துக்கும் போட்டிருக்கிறார்கள். இந்த அறம் ஆசிரியருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான அறம். ஓர் ஆசிரியரின் வரியை இன்னோர் ஆசிரியர் எடுத்தால் அது திருட்டு. ஒரு கிழவியின் பாட்டை, ஒரு கூலிக்காரனின் ரத்தத்தை, ஒரு சேரியின் சாவை ஆசிரியர் எடுத்தால் அதற்குப் பெயர் தரவு. மென்பொருளில் அதற்கு வண்ணம் கிடையாது.

ஆய்விதழ்க் கட்டுரையை யாரும் கதை வாசிக்கிற மாதிரி வாசிப்பதில்லை. யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை, வினைச்சொல்லுக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்ப்பதில்லை. ஒரு சிறுகதை கிடைத்தால் நாம் விடுகிறோமா? கட்டுடைத்துத் தோரணம் கட்டிவிடுகிறோம். அந்த வேலையை ஆய்விதழ் மேலும் காட்ட வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கு நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் டஸ்கிகி ஆய்வு. நமக்கும் அந்த மண்ணின் கறுப்பர்களுக்கும் உள்ள உறவைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கறுஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டு பம்பாயில் தலித் பாந்தர்கள் எழுந்த அதே 1972இல்தான் இந்த ஆய்வின் கதை செய்தித்தாளுக்கு வந்தது.

அலபாமா மாநிலம், மேக்கன் மாவட்டம். 1932. வாரத்துக்கு உழும் ஏழைக் கறுப்பர்கள். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே போய் சுமார் 600 ஆண்களைத் தேர்ந்தெடுத்தது. 399 பேருக்கு சிபிலிஸ். நம்மூரில் மேகநோய் என்பார்கள். 201 பேர் நோயில்லாதவர்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. நோய் இருப்பவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. “உங்களுக்குக் கெட்ட ரத்தம்” என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைச் சிறப்புச் சிகிச்சை என்று சொல்லி வரவழைத்தார்கள். 1940களின் நடுவில் பெனிசிலின் வந்து, 1947 வாக்கில் இந்நோய்க்கு அதுதான் மருந்து என்று ஊரெல்லாம் ஆனபிறகும் இவர்களுக்குத் தரவில்லை. நோயை அதன் போக்கில் விட்டால் உடம்பை என்னென்ன செய்யும் என்று சாகும்வரை பார்ப்பது, செத்தபின் அறுத்துப் பார்ப்பது, இதுதான் திட்டம். நாற்பது வருஷம் நடந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் ‘ரகசிய ஆய்வு’ என்கிறார்கள். இங்கேதான் எனக்கு முரண்பாடு. யாருக்கு ரகசியம்? ஆய்வுக்குள் இருந்த அந்த ஆண்களுக்கு ரகசியம். அவர்கள் மனைவிமாருக்கு ரகசியம். மருத்துவ உலகத்துக்கு அது ரகசியமே இல்லை. முதல் கட்டுரை 1936இலேயே அச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு 1946, 1950, 1953, 1954, 1955, 1964 என்று பத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், பெயர் பெற்ற மருத்துவ இதழ்களில். மெய்ப்புத் திருத்தினார்கள், அட்டவணை சரிபார்த்தார்கள், நூலகங்களுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படித்தார்கள். ஒளித்துவைத்த குற்றம் அல்ல இது, சந்தா கட்டிப் படித்த குற்றம்.

முதல் கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ‘நீக்ரோ ஆணில் சிகிச்சையற்ற சிபிலிஸ்’ என்று வரும். இந்த ‘அற்ற’ என்கிற விகுதிக்குள் எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியே ஒளிந்துகொண்டிருக்கிறது பாருங்கள். சிகிச்சை பெறாதவர்கள் என்று சொன்னால் பழி நோயாளி மேல் விழும். சிகிச்சை தரப்படாதவர்கள் என்றால் யாரோ தரவில்லை என்றாவது ஆகும். நாங்கள் தராமல் வைத்திருந்தவர்கள் என்பதுதான் நடந்தது. தலைப்பில் நோய்க்குத்தான் சிகிச்சை இல்லையே தவிர ஆளுக்கு இல்லையென்று இல்லை. ஆள், நோய் தங்கியிருக்கும் இடம், அவ்வளவுதான். ஒரே ஓர் ஆசிரியர் குழு அந்தச் சொல்லின் மேல் பேனாவை வைத்து, ‘யார் தரவில்லை?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தால் போதும், கட்டுரை திரும்பிப் போயிருக்கும். 28 வருஷம் யாரும் எழுதவில்லை.

1953இல் ‘பப்ளிக் ஹெல்த் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த கட்டுரை இன்னும் வினோதமானது. அது நோயைப் பற்றியதல்ல. இருபது வருஷமாக இந்த ஆட்களை எப்படிக் கைநழுவாமல் வைத்திருந்தோம் என்கிற தொழில் ரகசியத்தைப் பிற ஆய்வாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. பரிசோதனை நாளில் காரில் ஏற்றிப் போனது, சூடான சாப்பாடு போட்டது, சில்லறை நோவுகளுக்கு இலவச மாத்திரை கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலே அடக்கச் செலவு. குடும்பம் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதித்தால், மில்பேங்க் நினைவு நிதியம் என்ற அறக்கட்டளை பணம் தரும். சோற்றுக்கு வழியில்லாதவனுக்கும் நல்ல அடக்கம் வேண்டும் என்கிற ஆசையை நாம் அறியாதவர்களா? பொணத்த எடுக்கக் கடன் வாங்கி, அந்தக் கடன அடைக்கப் பண்ணைக்குப் போன கதை நம்ம வீடுகளில் எத்தனை? அந்த ஆசையைப் பிடித்துத்தான் தூண்டிலில் மாட்டினார்கள், அதை ஒரு நல்ல உத்தி என்று எழுதி அச்சிலும் போட்டார்கள். மில்பேங்க் நிதியம் 2022இல்தான் மன்னிப்புக் கேட்டது.

அந்த 1953ஆம் வருஷத்துக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் யூனிஸ் ரிவர்ஸ். வெள்ளை மருத்துவர் அல்ல. ஆய்வு தொடங்கிய காலத்திலிருந்தே அதிலிருந்த கறுப்பினச் செவிலி. அந்த ஆண்களின் வீட்டு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டவர், அவர்கள் நம்பிய ஒரே அரசாங்க முகம். அவரைத் திட்டுவது சுலபம், நான் திட்டப்போவதில்லை. அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த உத்தியோகம் எது, எதிர்த்துப் பேசியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசிக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆய்விதழ் அறம் பேசுகிறவர்கள் பெரிதாக நினைக்கிற காரியம், உழைத்தவருக்கு ஆசிரியர் பெயர் கொடுப்பது, இந்தக் கட்டுரையில் சரியாக நடந்திருக்கிறது. களத்தில் உழைத்த பெண்ணின் பெயரை முதலிலேயே போட்டுவிட்டார்கள். விதிப்படி குற்றமே இல்லை! நம்ம ஆளு ஒருத்தர் உள்ளே போய்விட்டால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்கிற நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும்.

1964 ஜூனில் உலக மருத்துவக் கழகம் ஹெல்சிங்கியில் கூடி, மனிதர் மேல் ஆய்வு செய்வதற்கான பிரகடனத்தை நிறைவேற்றியது. அதே 1964 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழ், டஸ்கிகி ஆய்வின் முப்பதாம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்டது. ஆறே மாசம். பிரகடனம் ஒரு பக்கம், அச்சகம் ஒரு பக்கம். அதைப் படித்துவிட்டு இர்வின் ஷாட்ஸ் என்ற இளம் மருத்துவர் 1965இல் கட்டுரையாளருக்குக் கடிதம் எழுதினார். மருந்து இருக்கும்போது மருந்து தராமல் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று. பதில் வரவில்லை. கட்டுரையின் இன்னோர் ஆசிரியர் அந்தக் கடிதத்தோடு ஒரு குறிப்பு வைத்திருந்தது பின்னால் கோப்பில் கிடைத்தது: இம்மாதிரிக் கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை, பதில் எழுதுவதாக இல்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவை என்கிற அந்தத் தகவல் அவ்விதழ்களின் வாசகர்களைப் பற்றிச் சொல்வது எவ்வளவு!

அடுத்த வருஷம், 1966இல், ஹார்வர்டு மருத்துவர் ஹென்றி பீச்சர் அறம் மீறிய ஆய்வுகள் 22ஐ எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். எல்லாம் நல்ல நிறுவனங்களில் நடந்து அச்சானவை. அதை முதலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைமை இதழ் வாங்க மறுத்தது, பிறகு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல்’ போட்டது. தப்பான வழியில் எடுத்த தரவை, அது எவ்வளவு உபயோகமானதாக இருந்தாலும், வெளியிடக் கூடாது என்பது பீச்சரின் வாதம். வெளியிட இடமில்லை என்றால் செய்யவும் மாட்டான் என்பது அதன் அடியில் இருக்கிற கணக்கு. அந்த 22இல் டஸ்கிகி இல்லை. அவர் கண்ணிலும் படவில்லை. ஹெல்சிங்கி பிரகடனத்தில், நெறி மீறிய ஆய்வை இதழ்கள் ஏற்கக் கூடாது என்ற வாசகம் 1975இல்தான் நுழைந்தது. அதற்கு மூணு வருஷம் முந்தி, 1972 ஜூலையில், பீட்டர் பக்ஸ்டன் என்ற சுகாதாரத் துறை ஊழியர் கொடுத்த தகவலை வைத்து அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்திதான் ஆய்வை நிறுத்தியது. அறிஞர் குழு மதிப்பிட்ட இதழ்கள் அத்தனையும் சேர்ந்து செய்யாததைக் காலையில் படித்து மறுநாள் பொட்டலம் கட்டுகிற காகிதம் செய்தது.

இது அமெரிக்கா, இது பழசு என்று விட்டுவிட முடியாது. நம்ம திண்டுக்கல் இருக்கிறது.

2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றி ஓர் ஆய்வு தொடங்கியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், அடையாறு புற்றுநோய் மையம், அம்பிளிக்கை கிறித்தவ மருத்துவமனை இவற்றின் கூட்டு. பணம் கேட்ஸ் அறக்கட்டளையினுடையது. ஊர்களை 114 தொகுதியாகப் பிரித்து, 57 தொகுதிப் பெண்களுக்குக் காடி போன்ற அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் பரிசோதனை, மற்ற 57 தொகுதிகளுக்குப் பரிசோதனை இல்லை, வழக்கமாக என்ன கிடைக்குமோ அது. 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. பரிசோதனை தரப்பட்ட தொகுதிகளில் 49,311 பெண்கள், அந்தப் புற்றுநோயால் சாவு 83. தராத தொகுதிகளில் 30,958 பெண்கள், சாவு 92. மலிவான பரிசோதனையால் சாவு 35 விழுக்காடு குறையும் என்று நிரூபணமாயிற்று. நல்ல செய்திதான். இதே மாதிரி உஸ்மானாபாத்திலும் மும்பையிலும் நடந்தது. மூன்றையும் சேர்த்து, பரிசோதனை தராமல் வைத்திருந்த குழுக்களில் 254 பெண்கள் செத்தார்கள் என்று எரிக் சூபா என்ற அமெரிக்க நோய்க்குறி மருத்துவர் கணக்கெடுத்து, மும்பையிலிருந்து வரும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ்’ இதழில் 2014இல் எழுதினார்.

டஸ்கிகியும் திண்டுக்கல்லும் ஒன்றல்ல. இங்கே பொய் சொல்லி ஊசி குத்தவில்லை, இருந்த மருந்தைப் பிடுங்கி வைக்கவில்லை. அந்த ஊர்களுக்கு எப்படியும் பரிசோதனை கிடையாது, நாங்கள் எதையும் குறைக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் பதில். அந்தப் பதிலைத்தான் நான் வாசிக்கச் சொல்கிறேன். கருப்பைவாயிலிருந்து செல் எடுத்துச் சோதித்தால் இந்தப் புற்றுநோயை முன்கூட்டிப் பிடிக்கலாம் என்பது பணக்கார நாடுகளில் பல பத்தாண்டு காலப் பழைய சேதி. எங்க ஊரில் ஒன்றும் இல்லை என்பதே ஒன்றும் தராமல் வைத்து எண்ணுவதற்குத் தகுதியாகிவிடுகிறது. இல்லாமை இயற்கையா? அதை யாரும் உண்டாக்கவில்லையா? தண்ணீர் இல்லாத சேரியில் தண்ணீர் தராமல் நாலு வருஷம் வாந்திபேதியை எண்ணினால், முன்னாடியும் தண்ணி இல்லதானே என்பார்களா? மும்பை ஆய்வில் பெண்களிடம் வாங்கிய சம்மதம் போதுமான விவரம் சொல்லி வாங்கியதல்ல என்று அமெரிக்க அரசின் மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகமே பின்னால் சொன்னது. பெரிய இதழ்கள் அந்த முடிவுகளை அச்சிட்டன; கேள்வியைக் கேட்கச் சின்ன இதழ் ஒன்று வேண்டியிருந்தது. அந்த 92 பேரில் ஒருத்தியின் மகளாவது தன் அம்மா எந்த அட்டவணையில் இருக்கிறாள் என்று அறிந்திருப்பாளா?

மருத்துவம்தான் இப்படி, மானுடவியலும் நாட்டார் வழக்காற்றியலும் உயிரைப் பறிக்காதே என்பீர்கள். எங்க சின்னம்மா கதையைச் சொல்கிறேன். தென்னாற்காட்டுப் பக்கம் ஒப்பாரிக்குப் பேர் போனவள். முப்பது வருஷம் முந்தி ஒரு பல்கலைக்கழகத்துக்காரர் டேப்ரிக்கார்டரோடு வந்து ரெண்டு நாள் பதிவு செய்தார். கைநிறைய வெத்தலைபாக்கும் அம்பது ரூபாயும் கொடுத்தார். ரொம்ப நாள் கழித்து அந்தக் கட்டுரை, ஓர் ஆங்கில ஆய்விதழ், என் கைக்கு வந்தது. சின்னம்மாவின் பாட்டு பதினாலு வரி மொழிபெயர்ப்பில் இருந்தது. நிதி கொடுத்தவருக்கு நன்றி, நூலகருக்கு நன்றி, தட்டச்சு செய்தவருக்கு நன்றி. சின்னம்மா ‘தகவலாளி 7’. திண்ணையில் உட்காரவைத்து, அதை மறுபடி தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்:

“இது எம் புருசன் செத்தப்ப நான் அழுததுடா தம்பி. அவுரு கேட்டாருன்னு திருப்பி அழுது காட்டுனேன். ஏழாம் நம்பரா நானு? மத்த ஆறு பேரு யாரு?”

பெயரை மறைப்பது தகவலாளியின் பாதுகாப்புக்காக, அதுதான் அறம் என்று இதழ்க்காரர்கள் சொல்வார்கள். வன்கொடுமையைச் சொன்ன பெண்ணின் பெயரை மறைக்கத்தான் வேண்டும், மறைக்காவிட்டால் ஊரில் அவள் குடிசை இருக்காது. ஆனால் பாட்டுக்காரியின் பெயரை எதற்கு மறைக்கணும்? கவிஞரின் கவிதையை மொழிபெயர்த்தால் ‘தகவலாளி 7’ என்றா போடுகிறார்கள்? போடவா வேண்டாமா என்று அவளிடம் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. கேட்டீர்களா என்று இதழும் கேட்கவில்லை. அவள் வரிகளை நான் இப்போது திருப்பி எழுதினால் அந்தக் கட்டுரையாளரைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மென்பொருள் என்னைத் திருடன் என்னும்!

2002 டிசம்பரில் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் கோபால் குரு ஒரு கட்டுரை எழுதினார், இந்தியச் சமூக அறிவியலில் சமத்துவம் இருக்கிறதா என்று. கோட்பாடு செய்வது ஒரு கூட்டம், களத்தில் தரவு பொறுக்குவது இன்னொரு கூட்டம் என்று அங்கேயும் வருணம் இருப்பதை அவர் சொன்னபோது பலருக்கு உறைத்தது. பதினாறு வருஷம் கழித்து 2018இல் அவரே அந்த இதழின் ஆசிரியரானார். நான் மகிழ்ந்தேன், மறைக்கவில்லை. ஆனாலும் குரு சொன்ன அந்த ஏணியில் தரவு பொறுக்குகிறவருக்குக் கீழேயும் ஒரு படி உண்டு. தரவாகவே ஆகிவிட்டவர் படி. நம்ம பையன்களை இன்று ஆய்வு நெறியாளர்கள், “உங்க ஊருதானே, உங்க ஆளுங்கதானே, உன்கிட்ட பேசுவாங்க” என்று அனுப்புகிறார்கள். யூனிஸ் ரிவர்ஸையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

எனக்கும் இப்போது சில இதழ்களிலிருந்து மதிப்பீட்டுக்குக் கட்டுரைகள் வருகின்றன. கூடவே ஒரு படிவம். புதுமை உண்டா, முறையியல் சரியா, மொழிநடை எப்படி, அச்சிடலாமா. இப்படி நாலு கட்டம். ஐந்தாவதாக நான் கீழே ஒரு கேள்வி எழுதி அனுப்புகிறேன்: இதில் வருகிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டினீர்களா, என்ன சொன்னார்கள்? ஓர் இதழில் அந்த வரியை நீக்கிவிட்டுத்தான் கட்டுரையாளருக்கு அனுப்பினார்கள் என்று பிறகு தெரிந்தது. அது மதிப்பீட்டாளரின் வேலை இல்லையாம். அதன் பிறகு அந்த இதழ் என்னைக் கூப்பிடவில்லை. இன்னோர் இடத்தில், பறையடிப்பதை விட்டுவிட்ட ஒரு தெருவைப் பற்றி எழுதியிருந்த இளைஞர் ஒருவர், யாரென்று எனக்குத் தெரியாது, கட்டுரையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பப் போயிருக்கிறார். கோயில் வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்டினாராம். அவர்கள் ரெண்டு திருத்தம் சொன்னார்கள். சண்டை நடந்த வருஷம் தப்பு. அப்புறம், பறையை எரித்தார்கள் என்று எழுதியிருந்ததை எரிக்கவில்லை, பரண் மேல் போட்டு வைத்திருக்கிறோம் என்று மாற்றச் சொன்னார்கள். கட்டுரை நாலு மாசம் தாமதமாக வந்தது. திருத்தம் சொன்ன ஒன்பது பேரின் பெயரும், அவர்கள் சம்மதத்தோடு, முதல் பக்கத்திலேயே இருந்தது.